வாய்ச்சண்டைக்கு மணி கட்டிய ஊர்

காவிரி கடலோடு கலக்கும் புகார் நகரத்தில் இந்திர விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. வச்சிரக் கோட்டத்து முரசை யானையின் பிடரியில் ஏற்றி, முரசறைகிறவன் தெருத்தெருவாகப் போனான். இருபத்தெட்டு நாள் விழா, வேலைகளும் ஏராளம். பழைய மணலை மாற்றிப் புது மணல் பரப்பச் சொன்னான். கமுகும் வாழையும் கரும்பும் நடச் சொன்னான். கொடி கட்டச் சொன்னான், கோயில்களில் பூசை நடத்தச் சொன்னான். திருவிழா என்றால் எந்த ஊரிலும் இவையெல்லாம் உண்டு. அடுத்து அவன் அறிவித்ததுதான் வேறு எங்கும் கேள்விப்படாத சங்கதி.

விழாவுக்குப் பல சமயங்களின் வாதக்காரர்கள் வந்து கூடியிருந்தார்கள். அவர்கள் வாதாடுவதற்கென்றே நகரத்தில் ஒரு மண்டபம் இருந்தது. மகத நாட்டு வேந்தன் கரிகால் சோழனுக்குக் கொடுத்தது அது என்கிறது சிலப்பதிகாரம். அந்த மண்டபத்தில் ஏறுகிறவர்கள் அங்கே நடந்துகொள்ளும் முறை தெரிந்து ஏற வேண்டும் என்று முரசறைகிறவன் கூவினான். எதிரே நிற்பவர் பகைவராகவே இருந்தாலும் கோபமும் கலகமும் செய்யாமல் விலகிப் போக வேண்டும் என்றான். மணிமேகலையில் சீத்தலைச் சாத்தனார் எழுதிவைத்த காட்சி இது. வாழை நடவும் வாதம் நடத்தவும் ஒரே முரசில் உத்தரவு போட்ட அந்த நகரம், ஒரு வருஷம் விழா எடுக்க மறந்தது. கடல் பொங்கி ஊரை விழுங்கியது என்கிறது அதே காப்பியம். மண்டபம் மூழ்கியது. வாதக்காரர்கள் மட்டும் கரையேறிவிட்டார்கள்.

மண்டபம் இல்லாத வாதம் தெருவுக்கு வந்தது. குண்டலகேசி நாவல் கிளையை நட்டுவைத்து, துணிவிருந்தால் வாதுக்கு வரலாம் என்று அழைத்தாள் என்பது பழங்கதை. அந்தப் பௌத்தக் காப்பியத்தை மடக்குவதற்கென்றே சமணர் பக்கத்திலிருந்து நீலகேசி எழுந்தது. மதுரையில் சைவரும் சமணரும் ஏடுகளைத் தீயில் இட்டார்கள், பிறகு வைகையில் இட்டார்கள். தோற்ற சமணர்கள் கழுவேறினார்கள் என்று பெரியபுராணம் சொல்கிறது. வாதத்தில் தோற்றால் உயிர் போகும் என்றான பிறகு, எதிராளி சொல்வதில் நியாயம் இருக்கிறதா என்று காதுகொடுத்துக் கேட்க யாருக்கு மனம் வரும்? ஆனாலும் அந்தக் காலத்து வாதக்காரர்களுக்கு ஒன்று மிச்சமிருந்தது. எதிராளியின் முகத்தைப் பார்த்துத்தான் பேசியாக வேண்டும். அதுவும் பறிபோகும் காலம் வந்தது.

1835-க்குப் பிறகு இந்தியர்களும் சொந்தமாக அச்சுக்கூடம் வைத்துக்கொள்ளலாம் என்று ஆனது. ஏட்டுச்சுவடியில் தூங்கிக்கொண்டிருந்த இலக்கியங்கள் புத்தகமாகின. கூடவே துண்டுப்பிரசுரங்களும் பிறந்தன. காலணா, அரையணா விலையில் யாரும் யாரையும் கண்டிக்கலாம். பக்கத்து ஊரில் இருப்பவரை அவருக்குத் தெரியாமலே தாக்கலாம், வேண்டுமானால் புனைபெயரில் ஒளிந்துகொள்ளலாம். தமிழில் இந்தக் கண்டனக் கலை உச்சம் தொட்டது, ஒரு புத்தகத்துக்குச் சூட்டிய பெயரால்.

1867-இல் வடலூர் இராமலிங்க அடிகளின் பாடல்களைத் தொழுவூர் வேலாயுத முதலியார் பதிப்பித்தார். திருவருட்பா என்று பெயர். உள்ளே திருமுறைகள் என்ற பகுப்பு. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் கொதித்தெழுந்தார். தேவாரமும் திருவாசகமும்தான் அருட்பா, நேற்று எழுதியதற்கு அந்தப் பெயர் எப்படிப் பொருந்தும் என்பது அவர் கேள்வி. வாதம் செய்யத் தகுந்த கேள்விதான். இரண்டு பக்கமும் சைவம், இரண்டு பக்கமும் பெரும் புலமை. ஒரு மாலை எதிரெதிரே உட்கார்ந்து பேசியிருந்தால் முடிந்திருக்கும் சங்கதி, 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தின் படி ஏறியது.

நீதிமன்றமும் அதைத் தீர்க்கவில்லை. மறுப்பு வந்தது, மறுப்புக்கு மறுப்பு வந்தது. ஒன்றின் பெயர் ஆபாச தர்ப்பணம். இன்னொன்று எதிராளியின் குதர்க்கக் காட்டை வெட்டிச் சாய்க்க வந்த மகா பரசு, அதாவது பெருங்கோடரி. பாட்டைப் பற்றித் தொடங்கிய பேச்சு, ஆளைப் பற்றியும் அவர் பிறப்பைப் பற்றியும் நாக்கில் நரம்பில்லாமல் போனது. 1874-இல் இராமலிங்க அடிகள் சித்தி வளாகத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். 1879-இல் நாவலர் மறைந்தார். சண்டை மட்டும் சாகவில்லை. இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகும் நா. கதிரைவேற்பிள்ளை ஒரு பக்கம் வரிந்துகட்டிக்கொண்டு நின்றார். அருட்பாவுக்காக மறைமலையடிகளும், இஸ்லாமியரான செய்குத்தம்பிப் பாவலரும் எதிர்ப்பக்கம் நின்றார்கள். ப. சரவணன் இந்தப் பிரசுரங்களைத் தேடித் தொகுத்தபோது அது தலையணை கனத்துக்கு வந்தது.

இவ்வளவு படித்தவர்கள் ஏன் இப்படி எழுதினார்கள்? அந்தக் கண்டனங்களில் காரணங்கள் வெளிப்படையாகவே கிடக்கின்றன. எதிராளி எதிரில் இல்லை. போதும் என்று சொல்ல நடுவில் ஆள் இல்லை. இத்தனை பக்கத்தோடு நிறுத்து என்று கணக்கும் இல்லை. கடைசி வார்த்தை யாருடையதோ அவரே ஜெயித்தவர் என்று ஆனதால், கடைசி வார்த்தை வரவே இல்லை. இந்த மூன்று குறைக்கும் மருந்து, புலவர்கள் நிறைந்த சென்னையிலிருந்தோ தஞ்சையிலிருந்தோ வந்திருக்கலாம். வந்தது, வட்டிக் கணக்குக்குப் பேர்போன ஒரு வறண்ட சீமையிலிருந்து.

செட்டிநாட்டார் பர்மா, இலங்கை, மலேயா என்று கடல் தாண்டித் தொழில் செய்தவர்கள். சம்பாதித்ததைக் கோயிலிலும் வீட்டிலும் போட்டார்கள் என்பது ஊரறிந்த கதை. பத்திரிகையிலும் சங்கத்திலும் போட்டது அவ்வளவாகப் பேசப்படவில்லை. 1917-இல் காரைக்குடியில் இந்து மதாபிமான சங்கம் தோன்றியது. 1919-இல் பாரதியார் அங்கே வந்தார். கையில் கோலோடு அவர் நிற்கும் புகழ்பெற்ற புகைப்படம் அந்தப் பயணத்தில் எடுத்ததுதான். ராய. சொக்கலிங்கம் ‘ஊழியன்’ நடத்தினார். சொ. முருகப்பா ‘குமரன்’ நடத்தினார். முருகப்பா கைம்பெண்ணான மரகதவல்லியை மணந்து ஊரைக் கலக்கியவர். ஒரே தெருவில் ஒரு வீட்டில் தேவாரம் கேட்டது, அடுத்த வீட்டில் சுயமரியாதைப் பேச்சு கேட்டது. பற்றிக்கொள்ள எல்லாம் தயாராக இருந்த அந்த ஊரில்தான் ஓர் இளைஞர் கம்பனைக் கையில் எடுத்தார்.

சா. கணேசன், 1908-இல் காரைக்குடியில் பிறந்தவர், காங்கிரஸ்காரர். கல்வெட்டு, சிற்பம், கோயில் என்று எதைத் தொட்டாலும் ஆழம் பார்க்காமல் விடாதவர். 1939-இல் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். முதல் விழாவுக்குத் தலைமை ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார். பங்குனியில் மகம், பூரம், உத்திரம் மூன்று நாளும் காரைக்குடியில். நான்காம் நாள் அத்தத்தன்று, கம்பன் அடங்கிய இடம் என்று ஊர் கும்பிடும் நாட்டரசன்கோட்டையில். கழகக் காரியங்களில் தம்மைத் தலைவர் என்றோ செயலாளர் என்றோ முன்னிறுத்தாமல், கம்பன் அடிப்பொடி என்றே சொல்லிக்கொண்டார். பாடலைப் பாடி, சுவையைச் சொல்லி, நிம்மதியாக நடந்துகொண்டிருந்தது விழா. நான்கே ஆண்டில் கம்பனைக் கொளுத்த வேண்டும் என்ற குரல் எழுந்தது.

1943 பிப்ரவரியில் சென்னை சட்டக்கல்லூரி மண்டபம் நிரம்பி வழிந்தது. ஒரு பக்கம் சி.என். அண்ணாதுரை, எதிர்ப்பக்கம் ரா.பி. சேதுப்பிள்ளை. கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் எரிக்க வேண்டுமா என்பது பொருள். மார்ச்சில் சேலத்தில் அண்ணாவுக்கு எதிரே நாவலர் சோமசுந்தர பாரதியார் நின்றார். ஆரியக் கதையைத் தமிழன் தலையில் கட்டிய காவியம் என்றார் அண்ணா. தமிழின் உச்சத்தைத் தீயில் போடுவதா என்றார்கள் புலவர்கள். எரிக்கச் சொன்னவரும் காக்கச் சொன்னவரும் ஒரே மேடையில் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டார்கள்; பேச்சுகள் ‘தீ பரவட்டும்’ என்ற பெயரில் நூலாகவும் வந்தன. ஊர் ஊராக அந்தத் தலைப்பு பரவியபோது, மேடையில் இருந்த நிதானம் எல்லா இடத்துக்கும் கூடப் போகவில்லை. கம்பனுக்கு விழா எடுக்கிற காரைக்குடி என்ன செய்யப்போகிறது?

வசைக்கு வசை என்று இறங்கியிருந்தால், அருட்பாச் சண்டையின் இரண்டாம் பாகம் செட்டிநாட்டில் அரங்கேறியிருக்கும். வழியைக் காட்டியது கம்பனின் காவியமேதான். வாலியை இராமன் மறைந்து நின்று அம்பெய்தான். விழுந்து கிடக்கிற வாலி சும்மா சாகவில்லை. அம்பில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு, எய்தவனை நிறுத்தி வைத்துக் கேட்டான். அரச நீதி எங்கே, குலப் பெருமை எங்கே, நேருக்கு நேர் வர ஏன் துணியவில்லை என்று பாட்டுக்குப் பாட்டு கேட்டான். தன் காவியத் தலைவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி, குற்றம் சாட்டுகிறவனுக்குத் தன்னுடைய சிறந்த தமிழையே கடன் கொடுத்தான் கம்பன். எதிர்ப்பக்கத்தின் வாதத்தை நோஞ்சானாக்கி ஜெயிக்க அவன் விரும்பவில்லை. கம்பனைப் படித்த ஊருக்கு இந்தப் பாடம் எப்படித் தப்பும்?

கம்பன் விழா மேடையில் ஒரு புது ஏற்பாடு வந்தது. வாலியைக் கொன்றது முறையா, தம்பியரில் உயர்ந்தவர் யார், கும்பகருணன் அண்ணனோடு நின்றது சரியா என்பது போன்ற கேள்விகளை எடுத்துக்கொண்டார்கள். அறிஞர்களை இரண்டு அணியாகப் பிரித்து எதிரெதிரே உட்காரவைத்தார்கள். நடுவில் ஒரு நாற்காலி. அதில் இரண்டு அணியும் ஏற்கிற ஒரு பெரியவர். இந்த ஏற்பாட்டுக்குச் சா. கணேசன் புதுப் பெயர் தேடவில்லை. புகார்க் கடலில் மூழ்கிய அந்த மண்டபத்தின் பெயரைத் தூசி தட்டி எடுத்தார். அயோத்தி நகரை வருணிக்கும்போது கம்பனும் சொல்கிற பெயர்தான் அது: பட்டிமண்டபம்.

தீபாவளி, பொங்கல் காலையில் குளித்துப் புதுத்துணி உடுத்தி, இட்லித் தட்டோடு தொலைக்காட்சி முன் உட்காருகிற கோடிக்கணக்கான வீடுகளுக்குப் பழகிப்போன பட்டிமன்றம் பிறந்த கதை இதுதான். காரைக்குடிக்காரர்கள் இன்னும் பட்டிமண்டபம் என்றே சொல்கிறார்கள். பெயர் எதுவானாலும், உள்ளே இருந்த பொறிதான் அருட்பாச் சண்டையில் இல்லாத மூன்றையும் ஒரே மூச்சில் கொண்டுவந்தது. அது வேலை செய்த விதத்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் அதன் சாமர்த்தியம் புரியும்.

பேச எழுந்தவர் முதலில் ‘நடுவர் அவர்களே’ என்றார். அங்கே தொடங்கியது அந்த வித்தை. மேடையில் சொல்கிற எல்லாமே நடுவரிடம் சொல்வது. எதிரணிக்காரரைப் பார்த்து நீ என்றோ நீங்கள் என்றோ விரல் நீட்ட இடமே இல்லை. ‘எதிரணித் தலைவர் ஒன்று சொன்னார், அதற்கு என் பதில் இது’ என்று நடுவர் வழியாகத்தான் போக வேண்டும். நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் அவைத் தலைவரை விளித்துப் பேசுவதும் இதே சூட்சுமம்தான். கோபம் நேர்க்கோட்டில் பாயாமல் ஒரு வளைவு சுற்றி வந்தது. சுற்றி வருவதற்குள் பாதிச் சூடு தணிந்தது. மிச்சச் சூட்டைத் தணிக்க மேசைமேல் இன்னொன்று இருந்தது.

மணி. இத்தனை நிமிடம் என்று சொல்லி ஏற்றிவிட்ட பேச்சாளர், மணி அடித்ததும் முடித்தாக வேண்டும். பெரிய புலவரானாலும் சின்னப் பேச்சாளரானாலும் ஒரே மணி. நேரம் குறைவு என்று தெரிந்தவர் வசவில் அதை வீணாக்க மாட்டார். சரக்கைத்தான் எடுத்து வைப்பார். அடுத்து எழுகிறவருக்கு ஒரு கட்டாயம் இருந்தது. முந்தியவர் சொன்னதைச் சரியாகத் திருப்பிச் சொன்னால்தான் அவரை மறுக்க முடியும். திரித்துச் சொன்னால் எதிரே உட்கார்ந்திருப்பவர் சும்மா இருக்க மாட்டார், பாட்டு மனப்பாடமாகத் தெரிந்த கூட்டமும் சும்மா இருக்காது. மறுக்கப்போகிறவர் நன்றாகக் கேட்டாக வேண்டும் என்ற இந்தக் கட்டாயமே மரியாதையின் பாதி. இன்னொரு பாதி, அணி பிரித்த விதத்தில் ஒளிந்திருந்தது.

இந்த வருஷம் வாலிக்காக வாதாடியவர் அடுத்த வருஷம் இராமனுக்காக எழுந்து நிற்க வேண்டிவரலாம். எடுத்துக்கொண்ட பக்கம் வேறு, ஆள் வேறு என்பது மேடையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அதனால் வாதம் தோற்றாலும் ஆள் தோற்கவில்லை. நடுவர் தீர்ப்புச் சொல்லும்போதும் தோற்ற அணியின் நல்ல வாதங்களை எடுத்துப் பாராட்டிவிட்டுத்தான் முடித்தார். கழுவேற்றத்தில் முடிந்ததாகச் சொல்லப்பட்ட வாதம், பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதில் முடிந்தது. இந்த மேடையின் பலம் எவ்வளவு என்பதைச் சோதிக்க, கம்பனோடு ஒத்துப்போகவே முடியாது என்று நினைக்கப்பட்ட ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவானந்தம் வந்தார். காரைக்குடிக்குப் பக்கத்துச் சிராவயலில் இளம்வயதில் ஆசிரமம் நடத்தி, காந்தியே தேடி வந்து பார்த்த ஆள் அவர். கடவுளை ஏற்காத அந்தக் குரல் கம்பனின் கோசல நாட்டை, இல்லாமை இல்லாத நாட்டை, எடுத்து முழங்கியது. நீதிபதி மு.மு. இஸ்மாயில், பின்னாளில் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியானவர், கம்பனைச் சட்டப் புத்தகம்போல வரிவரியாக ஆராய்ந்தார். அ.ச. ஞானசம்பந்தன் வந்தார். சிறுகூடல்பட்டிக் கண்ணதாசன் வந்தார். கம்பனைத் திட்டுவதற்காகப் படிக்கப் புகுந்து கம்பனிடமே சிக்கிக்கொண்டதைத் தாமே எழுதியவர் அவர். ஆத்திகரும் நாத்திகரும் ஒரே பந்தலில் கூடினார்கள். ஆனால் இதெல்லாம் படித்தவர்கள் கூட்டம். கம்பனில் ஒரு பாட்டுத் தெரியாத விவசாயிக்கு இந்த மேடையில் என்ன வேலை?

பதில் காரைக்குடியிலிருந்து கூப்பிடு தூரத்தில், குன்றக்குடியில் இருந்தது. 1952-இல் அங்கே ஆதீனப் பொறுப்பேற்ற குன்றக்குடி அடிகளாருக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. காவி உடுத்த அந்தச் சைவத் துறவி, பட்டிமன்றத்தின் நடுவர் நாற்காலியில் உட்கார்ந்து ஊர் ஊராகப் போனார். புராணக் கேள்விகளோடு சமுதாயக் கேள்விகளும் மேடை ஏறின. திருவிழாவில் கரகாட்டத்துக்கும் நாடகத்துக்கும் கூடுகிற கூட்டம், விடிய விடிய வாதம் கேட்க உட்கார்ந்தது. அவர் நடுநிலை மேடையோடு முடிந்துவிடுகிற நடுநிலையா என்ற சோதனையும் வந்தது.

தமிழ்நாட்டில் சைவ மடத்துக்கு நேர் எதிரி யார் என்று அன்று கேட்டால் குழந்தையும் பெரியார் பெயரைச் சொல்லும். மேடைகளில் அடிகளாரும் பெரியாரும் ஒருவர் கொள்கையை ஒருவர் விடாமல் தாக்கினார்கள். நேரில் சந்தித்தபோது மரியாதையில் ஒருவரை ஒருவர் மிஞ்சினார்கள். பெரியார் குன்றக்குடிக்கு வந்தபோது மடத்து மரபுப்படி வரவேற்புக் கொடுத்து, அடிகளார் திருநீற்றை நீட்டினார். வாழ்நாள் முழுக்க எதிர்த்த ஒன்று, கண்முன்னே, தட்டில். பெரியார் தட்டவில்லை, நெற்றியைக் காட்டினார். திருநீற்றை அவர் ஏற்றது பக்தியால் அல்ல, கொடுத்தவரின் மனத்தை நோகடிக்கக் கூடாது என்பதால். கொள்கையில் ஒரு நூல்கூட விட்டுக்கொடுக்காதவர் மனிதருக்கு விட்டுக்கொடுத்தார். இதைவிடப் பெரிய திருப்பம் சென்னைக் கடற்கரையில் காத்திருந்தது.

சா. கணேசன் 1962-இல் ராஜாஜியின் சுதந்திராக் கட்சி சார்பில் காரைக்குடியின் சட்டமன்ற உறுப்பினரானார். 1967 தேர்தலில் அந்தக் கட்சியும் அண்ணாவின் தி.மு.க.வும் ஒரே கூட்டணி. கம்பன் அடிப்பொடியின் கட்சியும், கம்பனைத் தீயில் போடச் சொன்னவரின் கட்சியும் தோளோடு தோள் நின்றன. அண்ணா முதலமைச்சரானார். 1968 ஜனவரியில் சென்னையில் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது மெரினாவில் தமிழ்ச் சான்றோருக்குச் சிலைகள் எழுந்தன. வள்ளுவர், ஔவையார், பாரதியார் வரிசையில் கம்பனுக்கும் ஒரு பீடம் கிடைத்தது. ஒருவரை ஒருவர் ஆளாக வெறுத்துக் கொட்டியிருந்தால், கால் நூற்றாண்டு கழித்து அப்படி ஒரு வாசல் திறந்திருக்காது. மேடையோ அதற்குள் வேறொரு வாசலைத் தட்டத் தயாராகிக்கொண்டிருந்தது.

1982-இல் சா. கணேசன் மறைந்தார். 1993-இல் சன் தொலைக்காட்சி பிறந்தது. மதுரை அமெரிக்கன் கல்லூரிப் பேராசிரியர் சாலமன் பாப்பையா பண்டிகை நாட்களில் நடுவராக வந்து உட்கார, கோயில் பந்தல் வீட்டுக் கூடத்துக்குள் வந்தது. தலைப்புகள் கம்பனிலிருந்து மாமியார் மருமகளுக்கு இறங்கின. சிரிப்பு கூடியது, சரக்குக் குறைந்தது என்ற குறை உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனால் பொறி பழுதாகவில்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களிலும் அதே நாற்காலி, அதே மணி, அதே ‘நடுவர் அவர்களே’. 2021-இல் பாப்பையாவுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. கதை இங்கே சுபமாக முடிந்திருக்கும், கைபேசி மட்டும் வராமல் இருந்திருந்தால்.

2004-இல் ஜான் சூலர் என்ற அமெரிக்க உளவியலாளர், நேரில் சாதுவாக இருப்பவர்கள் இணையத்தில் ஏன் வாய்க்கு வந்தபடி பேசுகிறார்கள் என்று ஆராய்ந்து எழுதினார். பெயரை மறைத்துக்கொள்ள முடிகிறது, எதிராளியின் முகம் தெரிவதில்லை, பதில் உடனே எதிரொலிப்பதில்லை, அதட்டுவதற்கு மேலே ஆளும் இல்லை என்று அவர் அடுக்கிய காரணங்கள், 1869-இல் மஞ்சக்குப்பம் வரை போன துண்டுப்பிரசுரங்களுக்கு அப்படியே பொருந்தின. காரைக்குடியில் ஒருவர், கோலாலம்பூரில் ஒருவர், நியூ ஜெர்சியில் ஒருவர் என்று சிதறிய சொந்தபந்தம் ஒரே வாட்ஸ்அப் குழுவில் கூடியது. தேர்தல் வந்தால், சாதிப் பேச்சு வந்தால், ஒரு படம் வெளியானால் போதும். பெரியப்பாவும் மருமகனும் ஏட்டிக்குப் போட்டியாக இறங்கினார்கள். அண்ணே என்று தொடங்கிய பேச்சு மூன்றாவது பதிலில் அடேய் ஆனது. நான்காவதில் யாரோ குழுவைவிட்டு வெளியேறினார்கள், அடுத்த கல்யாணத்துக்கும் வரவில்லை. மனிதர்கள் கெட்டுப்போய்விட்டார்களா?

அதே பெரியப்பாவையும் அதே மருமகனையும் பட்டிமன்ற மேடையில் எதிரெதிரே உட்காரவைத்தால், இருவரும் பண்போடுதான் வாதாடுவார்கள். மனிதர்கள் மாறவில்லை, உட்காரவைத்த இடம் மாறியிருக்கிறது. காரைக்குடி கண்டுபிடித்தது இதைத்தான். மரியாதையை ஆளுக்கு ஆள் குணத்தில் தேடாமல், அதைப் பேச்சின் அமைப்புக்குள்ளேயே வைத்துக் கட்டியது. இரண்டு பக்கமும் ஏற்கிற ஒரு நடுவர், எல்லோருக்கும் ஒரே அளவு நேரம், மறுப்பதற்கு முன் எதிராளியின் வாதத்தை அவரே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல்வது, ஆளை விட்டுவிட்டுக் கருத்தைத் தொடுவது, தீர்ப்போடு நிறுத்திக்கொள்வது. இவற்றில் எதற்கும் மேடையோ ஒலிபெருக்கியோ தேவையில்லை. குழுவை நடத்துகிறவர் வெறும் ஆள் சேர்க்கிறவராக இல்லாமல் நடுவராகவும் உட்கார்ந்தால், ஒருவருக்கு இத்தனை பதில்தான் என்று ஒரு மணி வைத்தால், கைபேசியிலும் இது நடக்கும்.

துண்டுப்பிரசுரம் பிறந்து, அதன் நஞ்சுக்கு மருந்தாக ஒரு மேடை வருவதற்குத் தமிழருக்கு ஒரு நூற்றாண்டு பிடித்தது. கைபேசிச் சண்டைக்கு அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. செய்முறை கையில் இருக்கிறது, செய்து காட்டிய ஊரும் இருக்கிறது. பங்குனி தோறும் காரைக்குடியில் அந்த விழா இன்றும் நடக்கிறது.